முப்பத்தேழு நாவல்களின் ஓரம்

அந்த ஆஸ்பத்திரியில் யார் எந்தக் கட்டிலில் படுத்தாலும், அவருக்குக் கீழே விரித்திருப்பது மடிப்பக்காவின் கை பட்ட விரிப்பாகத்தான் இருக்கும். சலவைப் பிரிவில் துவைப்பதற்கு இயந்திரம் உண்டு, உலர்த்துவதற்கும் உண்டு. மடிப்பதற்கு மட்டும் இன்னும் வாங்கவில்லை. பதினான்கு வருடமாக அந்த வேலைக்கு மடிப்பக்கா இருந்தாள். உலர்த்தியிலிருந்து சுடச்சுட வந்து விழும் விரிப்பை உதறி, நாலாக மடித்து, மறுபடி மூன்றாக மடித்து, ஆஸ்பத்திரி முத்திரை மேலே தெரியும்படி அடுக்க வேண்டும். ஆபரேஷன் அங்கிக்கு வேறு மடிப்பு, குழந்தைகள் வார்டுக்கு வேறு மடிப்பு. பேச்சுத் துணைக்கு ஆட்கள் இருந்தார்கள். ஆனால் உலர்த்தி ஓடும்போது பேசினால் காதில் விழாது, உலர்த்தி நிற்பதும் கிடையாது.

வீட்டுக்குப் போகிற வழியில் கிளை நூலகம் இருந்தது. வாரத்துக்கு ஒரு நாவல் எடுப்பாள். மாத நாவல் என்பார்களே, அந்த ரகம். நூற்றிருபது பக்கம், மட்டத் தாள், அட்டையில் முடி பறக்க ஒரு பெண், அவளுக்குப் பின்னால் முகம் சரியாகத் தெரியாத ஒரு தொழிலதிபர். நூலகத் துறை இவற்றை ‘இலகு வாசிப்பு – மகளிர்’ என்று வகைப்படுத்தி, மாடிப்படிக்குக் கீழே, குனிந்து எடுக்க வேண்டிய ஓர் அலமாரியில் வைத்திருந்தது. பெண்களும் குனிந்து எடுத்தார்கள். மற்ற பன்னிரண்டாயிரம் புத்தகங்கள் நிமிர்ந்து எடுக்கும் உயரத்தில் இருந்தன. அவற்றை யாரும் எடுப்பதில்லை.

அந்த அலமாரியில் முப்பத்தேழு நாவல்கள். புதிதாக வாங்கத் துறையிடம் திட்டம் இல்லை. ஆகவே ஒரே நாவலை ஒவ்வொருத்தியும் நாலைந்து முறை படித்திருந்தாள். தலைப்பு யாருக்கும் ஞாபகம் இருக்காது. “மழையில நிக்க வைக்கிற டாக்டர் கதை”, “கண்ணு தெரியாத மில் முதலாளி கதை”, “ரெட்டைப் பிறவி மாறிப்போற கதை” என்றுதான் கேட்டு வாங்குவார்கள்.

குற்றம் மழையில் நிற்க வைக்கிற டாக்டர் கதையில்தான் ஆரம்பித்தது. கதாநாயகி டாக்டரின் வீட்டு வாசலில் மூன்று மணி நேரம் மழையில் நிற்கிறாள். மூன்றாம் முறை படிக்கும்போது மடிப்பக்காவுக்குப் பொறுக்கவில்லை. விரிப்புக் கணக்கு குறிக்கிற பென்சில் கையில் இருந்தது. பக்கத்தின் ஓரத்தில், “இவ்வளவு நேரம் நிற்கிறாளே, கொடியில் காயும் துணியை யார் எடுப்பார்கள்?” என்று எழுதினாள். எழுதியதும் பயமாகிவிட்டது. அழிக்க ரப்பர் இல்லை. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அதே புத்தகம் மறுபடி கைக்கு வந்தது. அவள் எழுதியதற்குக் கீழே பச்சை மையில், அழகான கையெழுத்தில் ஒரு வரி: “துணி நனைந்தால் நனையட்டும். நான் ஒரு முறையாவது இப்படி நின்று பார்க்க ஆசைப்படுகிறேன்.”

மடிப்பக்கா அந்த வரியை நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். மறுநாள் விரிப்பு மடிக்கும்போது தனக்குள் சிரித்துக்கொண்டாள். உலர்த்தி ஓடியதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அதிலிருந்து முப்பத்தேழு நாவல்களின் ஓரங்களும் பேச ஆரம்பித்தன. பச்சை மை ஒரு பக்கம், மடிப்பக்காவின் பென்சில் ஒரு பக்கம். பிறகு சிவப்பு பால்பாயின்ட் ஒன்று வந்து சேர்ந்தது. அதற்குக் கோபம் அதிகம், “அறைய வேண்டும் இவனை” என்று அடிக்கடி எழுதும். பேனா கிடைக்காத ஒருத்தி புருவப் பென்சிலால் எழுதினாள். யாருக்கும் யார் முகமும் தெரியாது. தெரியாததால்தான் எழுத முடிந்தது.

கண் தெரியாத மில் முதலாளி கதையில் கதாநாயகியின் அம்மா இறந்துபோகிற இடம் வரும். எண்பத்தெட்டாம் பக்கம். அந்த ஓரத்தில் மடிப்பக்கா எழுதினாள்: “என் அம்மா போன அன்று எனக்கு அழ நேரமில்லை. வீடு நிறைய ஆட்கள். எல்லாருக்கும் படுக்க விரிப்பு எடுத்துப் போட்டேன்.”

அதற்குக் கீழே பச்சை மை எழுதியிருந்தது: “இப்போது அழுங்கள். புத்தகத்தைத் திருப்பித் தர இன்னும் பத்து நாள் இருக்கிறது.”

மடிப்பக்கா அழுதாள். குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, புத்தகத்தை நனையாமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு அழுதாள். ஆனாலும் இரண்டு சொட்டு எண்பத்தெட்டாம் பக்கத்தில் விழத்தான் செய்தது.

இவ்வளவும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் இருப்புச் சரிபார்ப்பு வரை யாருக்கும் தெரியாது. கிளை நூலகருக்கு மட்டும் தெரியும். அவர் வருடம் முழுக்க மூக்கடைப்போடு இருக்கிற மனிதர். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவரும் மதிய நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஓரங்களைப் படித்து வந்தார்.

சரிபார்க்க வந்தவர் துறையின் துணை இயக்குநர். எதையும் எண் போட்டுப் பேசுகிறவர். ஒவ்வொரு புத்தகத்திலும் பதினேழாம் பக்கத்தில் துறையின் முத்திரை இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாவலை எடுத்துப் பதினேழாம் பக்கத்தைப் பிரித்தார். முத்திரை இருந்தது. முத்திரைக்குப் பக்கத்தில் “இந்தத் தொழிலதிபர் எப்போதுதான் தொழில் பார்ப்பார்?” என்று பென்சிலில் இருந்தது. அதற்குக் கீழே பச்சை மையில், “என் வீட்டிலும் அதே சந்தேகம்” என்று இருந்தது.

துணை இயக்குநர் உட்கார்ந்துவிட்டார்.

துறையில் பச்சை மையில் எழுத உரிமை உள்ளவர்கள் இரண்டே பேர். ஒருவர் இயக்குநர். அவர் எதையும் எழுதுவதில்லை. இன்னொருவர் துணை இயக்குநர்.

“முதலாவதாக, இது பொதுச் சொத்தைச் சேதப்படுத்துவது. இரண்டாவதாக, இது அதிகாரி மாதிரி ஆள்மாறாட்டம். மூன்றாவதாக, சாத்துங்க அந்தக் கதவை” என்றார்.

நூலகர் சாத்திவிட்டுத் தும்மினார்.

ஒரு வாரத்தில் விசாரணைக் குழு அமைந்தது. உறுப்பினராக இருந்த அறுபத்திரண்டு பெண்களும் கையெழுத்துச் சோதனைக்கு அழைக்கப்பட்டார்கள். “நான் நூலகத்தை வாழ்நாள் முழுதும் நேசிக்கிறேன், அதன் ஓரங்களையும் நேசிக்கிறேன்” என்ற வாக்கியத்தை ஒவ்வொருத்தியும் இருபது முறை எழுத வேண்டும். ஒருத்தி கையைத் தூக்கி, “சார், இருபது தடவை எழுதினா நேசம் குறையுதே” என்றாள். அது குறிப்பேட்டில் ஒத்துழையாமை என்று பதிவாயிற்று.

அடுத்து கறைப் பரிசோதகர் வந்தார். ஆவணங்களில் விழுந்த கறை காப்பியா, எண்ணெயா, மையா என்று கண்டுபிடிக்கத் துறை வைத்திருக்கும் நிபுணர். மொத்தம் நூற்று நாற்பது கறைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, “உப்பு இருக்கு. ஆனா வேர்வையிலயும் உப்பு இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்கணும்னா இந்தம்மாங்களோட கண்ணீர் வேணும்” என்றார்.

ஆளுக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி கொடுத்து வரிசையாக உட்கார வைத்தார்கள். அறுபத்திரண்டு பேரில் ஒருத்திக்கும் அழுகை வரவில்லை. பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது தொற்றிக்கொண்டது. வேறு வழியில்லாமல் பரிசோதகரே எண்பத்தெட்டாம் பக்கத்தைப் பிரித்து, உரக்கப் படித்துக் காட்டினார். அரைப் பக்கம் தாண்டவில்லை, அவருடைய குரல் உடைந்தது. கர்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார். அவருக்கு ஊரில் அம்மா இருந்தாள், போய்ப் பார்த்து இரண்டு வருடமாயிருந்தது. கடைசியில் குழுவுக்குக் கிடைத்த ஒரே கண்ணீர் மாதிரி பரிசோதகருடையது. அது செல்லாது என்று துணை இயக்குநர் தீர்ப்பளித்தார்.

ஆனால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிட்டது. மடிப்பக்கா ‘ழ’ எழுதினால் அதன் வால் அடுத்த வரி வரை இறங்கும். விளக்கம் கேட்டு வீட்டுக்குக் கடிதம் வந்தது. விசாரணைக்கு வரும்போது ஒரு பொறுப்பாளரையும் அழைத்து வர வேண்டுமாம்.

பொறுப்பாளர் என்றால் வீட்டுக்காரர்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பிகளோடு இருந்து பழகியதால் வெளிச்சத்தில் அதிகம் பேச மாட்டார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“புத்தகத்துல எழுதினியா?”

“ஆமாங்க. சும்மா ஓரத்துல.”

“என்னைப் பத்தியா?”

“ஐயோ, உங்களைப் பத்தி ஒண்ணும் எழுதலீங்க.”

“ஒண்ணுமே?”

“ஒரு வரிகூட இல்லை.”

அவருக்கு நிம்மதி வர வேண்டிய இடம். வரவில்லை. சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, “மூணு வருஷமா எழுதிட்டு இருந்திருக்க. ஒரு வரிக்குக்கூட நான் தேறலையா?” என்றார்.

மடிப்பக்கா தட்டை எடுத்துக்கொண்டே, “அடுத்த தடவை எழுதறேங்க” என்றாள்.

விசாரணை தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் நடந்தது. நீளமான மேஜை. அதன் ஒரு முனையில் முப்பத்தேழு நாவல்களும் நூல் கட்டி, அரக்கு வைத்து அடுக்கப்பட்டிருந்தன. அவ்வளவு மரியாதையை அவை வாழ்நாளில் கண்டதில்லை. துணை இயக்குநருக்கு வலப்பக்கம் கறைப் பரிசோதகர், இடப்பக்கம் குறிப்பெடுக்க மூக்கடைப்பு நூலகர். எதிரே மடிப்பக்காவும் அவள் வீட்டுக்காரரும். மற்ற பெண்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று அவர்களில் இருபது பேரைச் சுவரோரமாக நிற்க வைத்திருந்தார்கள்.

துணை இயக்குநர் எழுந்தார். எழுந்தால் அவருக்கு மேடைத் தமிழ் வந்துவிடும்.

“இந்தத் துறை பெண்களின் வாசிப்பை மதிக்கிறது. முதலாவதாக, அவர்களுக்கென்று தனி அலமாரி கொடுத்திருக்கிறது. இரண்டாவதாக, அந்த அலமாரியை யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்து அவர்களுடைய அந்தரங்கத்தைக் காத்திருக்கிறது. மூன்றாவதாக, பெண்கள் அழலாம். துறை ஒருநாளும் தடுத்ததில்லை. சிரிக்கலாம், ஏங்கலாம், கனவு காணலாம். அதற்காகத்தான் வரிப்பணத்தில் இந்த நாவல்களை வாங்கினோம். ஆனால் எல்லாம் மனதுக்குள் நடக்க வேண்டும். மனது துறையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஓரம் துறையின் எல்லைக்கு உள்ளே இருக்கிறது. இதுதான் விஷயம்.”

பிறகு சான்றுகளைப் படிக்க ஆரம்பித்தார். எண்பத்தெட்டாம் பக்கம் முதலில் வந்தது. மடிப்பக்கா குளியலறையில் குழாயைத் திறந்து வைத்து மறைத்த வரிகள், மூன்றாம் மாடியில், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் முன்னால், “சான்று ஒன்று” என்ற பெயரில் வெளியே வந்தன. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அம்மா போன அன்று அவள் விரிப்பு போட்டது அவருக்கு நினைவிருந்தது. தான் ஒரு விரிப்பை வாங்கிப் படுத்ததும் நினைவு வந்தது.

“இதில் ‘அழுங்கள்’ என்பதைக் கவனிக்க வேண்டும். இது ஏவல். துறையின் சொத்தின் மீது ஒரு உறுப்பினர் இன்னொரு உறுப்பினருக்கு உத்தரவு போடுகிறார். பச்சை மையில்! அழுவதற்கு உத்தரவு கொடுக்கும் அதிகாரம் எனக்கே கிடையாது.”

சுவரோரம் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். பரிசோதகர் அனிச்சையாகக் குப்பியைத் தேடினார்.

“சான்று இரண்டு. இரட்டைப் பிறவி கதை, நூற்றிரண்டாம் பக்கம். முழுவதும் பச்சை மை. படிக்கிறேன்: ‘என் வீட்டுக்காரர் எதையும் எண் போட்டுத்தான் சொல்வார். போன மாதம் எனக்குக் கடுமையான காய்ச்சல். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, முதலாவதாக மருந்து, இரண்டாவதாக ஓய்வு என்றார். மூன்றாவதாக என்ன சொல்லப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். எழுந்து போய்விட்டார்.’”

நூலகருக்கு மூக்கடைப்பு திடீரென்று விலகியது போல இருந்தது. சுவரோரம் நின்ற இருபது பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைப் பார்த்தார்கள். வெளியே பார்க்க எதுவுமில்லை.

“இது யாரோ ஓர் அப்பாவிக் கணவர் மீது சுமத்தப்பட்ட அவதூறு. முதலாவதாக, அவர் சொன்னதில் எந்தத் தவறும் இல்லை. இரண்டாவதாக, காய்ச்சலுக்கு மருந்தும் ஓய்வும்தான் வேண்டும். மூன்றாவதாக…”

நிறுத்தினார். கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தண்ணீர் குடித்தார்.

“யாரம்மா இந்தப் பச்சை மை?” என்றார். மேடைத் தமிழ் இறங்கிவிட்டிருந்தது.

மடிப்பக்காவுக்கு அந்தக் கையெழுத்தின் சொந்தக்காரி யாரென்று ஒரு நிமிடத்துக்கு முன்புவரை தெரியாது. இப்போது வீட்டு விலாசமே தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் இன்று மாலை என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தாள்.

“நான்தான் சார்.”

“நீங்க பென்சில்.”

“பச்சையும் நான்தான் சார். ரெண்டும் நானே எழுதினது.”

“நீங்களே எழுதி, நீங்களே பதில் எழுதிக்கிட்டீங்களா?”

“ஆமா சார். வேற யார் சார் பதில் சொல்லுவா?”

துணை இயக்குநர் அவளை வெகுநேரம் பார்த்தார். “கையெழுத்து வேற மாதிரி இருக்கே?”

“பதில் சொல்றப்ப கொஞ்சம் நல்லா எழுதுவேன் சார்.”

“அப்போ இந்த எண் போட்டுப் பேசற வீட்டுக்காரர்…”

எல்லாருடைய கண்ணும் லிஃப்ட் பழுது பார்ப்பவர் மேல் விழுந்தது. அவர் அன்று காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. மனைவியைப் பார்த்தார். அவள் பார்வை கெஞ்சியது. மெதுவாக எழுந்து நின்றார்.

“முதலாவதா… ஆமாங்க” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, “ரெண்டாவதா, அது நான்தாங்க” என்றார்.

உட்கார்ந்தார். நெற்றி வேர்த்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. புத்தகத்தில் அவரைப் பற்றியும் எழுதியாகிவிட்டது.

துணை இயக்குநர் நீளமாக மூச்சு விட்டார். தீர்ப்பு அன்றைக்கே வந்தது. மடிப்பக்காவுக்கு ஆறு மாதம் நூலகத் தடை. கூடவே, ஓரம் இருப்பதால்தானே எழுதுகிறார்கள் என்ற அடிப்படையில், முப்பத்தேழு நாவல்களின் ஓரங்களையும் வெட்டி எடுத்துவிடும்படி ஆணை. வெட்டும்போது குற்றவாளி சாட்சியாக நின்று கையெழுத்திட வேண்டும்.

துறையின் பைண்டிங் கூடத்தில் வெட்டு இயந்திரம் ஓட்டுபவர் ஆணையைப் படித்துவிட்டு, ஒரு நாவலில் அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

“சார், ஆர்டர்ல ரெண்டு சென்டிமீட்டர்னு இருக்கு. இந்தப் புத்தகத்துல ஓரமே ஒரு சென்டிமீட்டர்தான் சார். இது மட்ட ரகம்.”

“துறையோட அங்கீகரிக்கப்பட்ட ஓரம் ரெண்டு சென்டிமீட்டர்” என்றார் கூட வந்திருந்த துணை இயக்குநர்.

“ரெண்டு வெட்டினா எழுத்தும் போயிடும் சார்.”

“ஆர்டர்ல எழுத்தைப் பத்தி ஏதாவது இருக்கா?”

“இல்லை சார்.”

“அப்போ வெட்டுங்க.”

வெட்டினார். முப்பத்தேழு முறை கத்தி இறங்கியது. பென்சிலும், பச்சையும், சிவப்பும், புருவப் பென்சிலும் நீள நீளமான தாள் கீற்றுகளாக விழுந்தன. கூடவே கதையும் கொஞ்சம் விழுந்தது. மடிப்பக்கா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். ‘ழ’ இல்லாத பெயராக இருந்ததால் கையெழுத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பைண்டிங்காரர் கீற்றுகளை ஒரு சாக்கில் அள்ளிப் போட்டு, “இதை என்ன பண்ணணும்னு ஆர்டர்ல இல்லைக்கா. எடுத்துட்டுப் போறதுன்னா போங்க” என்றார். அவள் சாக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போனாள். வீட்டுக்காரர் அதைப் பரண் மேல் ஏற்றிவைத்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரி சலவைப் பிரிவின் வாசலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும். நல்ல உடை, கையில் குடை. உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ கேட்டாள். உலர்த்தி ஓடியதால் யாருக்கும் கேட்கவில்லை. மடிப்பக்கா பெரிய விரிப்பு ஒன்றைத் தனியாக மடிக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தாள். வந்தவள் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, நேரே வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் சேர்ந்து உதறினார்கள், மடித்தார்கள். முனையோடு முனை சேர்க்கும்போது முகம் அருகில் வந்தது.

“நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்க?” என்று அந்த அம்மாள் காதருகே கத்தினாள்.

மடிப்பக்காவுக்குப் புரிந்துவிட்டது. “பத்து நாள் இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்குத்தான்” என்று அவளும் கத்தினாள்.

இன்னும் இரண்டு விரிப்பு மடித்தார்கள். பிறகு பின்பக்க வராந்தாவுக்குப் போனார்கள்.

“எங்க வீட்ல வேலை செய்யறவங்க கார்டுலதான் நான் புத்தகம் எடுப்பேன், அதான் என்னைச் சோதனைக்குக் கூப்பிடலை. அவர் அன்னைக்கு வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாத்தாம ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து வந்து, உனக்கு ஏதாவது வேணுமான்னு கேட்டார். எண் போடாம கேட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஒரு பேனா வேணும்னேன்.”

“கொடுத்தாரா?”

“கொடுத்தார். நீல மை.”

இருவரும் சிரித்த சிரிப்பில் வராந்தாவில் ட்ராலி தள்ளிக்கொண்டு போன நர்ஸ் நின்று, “யாருக்காச்சும் டிஸ்சார்ஜா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இதற்கிடையே கிளை நூலகத்தில் ஒரு நிர்வாகச் சிக்கல் முளைத்திருந்தது. வெட்டப்பட்ட நாவல்களை எடுத்துப்போன பெண்கள் மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்கள். இடப்பக்கத் தாள்களில் வரியின் முதல் சொல்லைக் காணோம், வலப்பக்கத் தாள்களில் கடைசிச் சொல்லைக் காணோம். நம்முடைய மொழியில் ஒரு வாக்கியம் என்ன சொல்ல வருகிறது என்பதே கடைசிச் சொல் வரும்போதுதான் தெரியும். கதாநாயகி அவரைக் காதலிக்கிறாளா, காதலிக்கவில்லையா என்பது வெட்டுக் கத்தியோடு போய்விட்டது. புகார்கள் குவிந்தன. பொதுச் சொத்தை யார் சேதப்படுத்தியது என்று ஒரு வாசகி எழுத்து மூலமாகக் கேட்டிருந்தாள்.

துறை ஒரு மாதம் யோசித்து, ‘சொல் நிரப்பும் குழு’ ஒன்றை அமைத்தது. விடுபட்ட சொற்களை மூலத்துக்கு மாறாமல் நிரப்ப வேண்டும். மூலம் துறையில் யாருக்கும் தெரியாது, ஒருவரும் படித்ததில்லை. அந்தக் கதைகளை வரி பிசகாமல் மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தார்கள்: குற்றப் பட்டியலில். ஆகவே பொதுநலன் கருதி மடிப்பக்காவின் தடை விலக்கப்பட்டது. அவளுக்கு உதவியாக ஐந்து பெண்கள். ஆளுக்கு ஒரு பென்சில், துறை முத்திரை பதித்தது. எழுத இடம் வேண்டுமே என்று வெட்டிய விளிம்புகளில் வெள்ளைத் தாள் கீற்று ஒட்டிக் கொடுத்தார்கள்.

துவக்க விழாவில் துணை இயக்குநர் பேசினார். “முதலாவதாக, ஓரங்களில் எழுதும் பழக்கத்தை இந்தத் துறை முற்றிலுமாக ஒழித்துவிட்டது. இன்று எந்த நாவலின் ஓரத்திலும் ஒரு எழுத்துகூட இல்லை. இரண்டாவதாக, என் மனைவியும் இந்தப் பொதுத் தொண்டுக்குத் தானாக முன்வந்திருக்கிறாள். அவளுக்கு நாவல் படிக்கும் பழக்கமே கிடையாது. ஆகவே நடுநிலையோடு செயல்படுவாள்.”

மூன்றாவதாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் உட்காரப் போகும்முன் மனைவியின் பக்கம் திரும்பி, “ஜன்னல் பக்கம் உட்கார், காத்து வரும்” என்றார்.

சனிக்கிழமை மதியங்களில் ஆறு பேரும் நூலகத்தின் பெரிய மேஜையில், நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்தார்கள். முதல் புத்தகத்தில் ஒழுங்காகத்தான் நிரப்பினார்கள். இரண்டாம் புத்தகத்தில் “அவனை அவள் மன்னி” என்று ஒரு வரி வெட்டுப்பட்டு நின்றது.

“‘மன்னித்தாள்’தான் இருந்துச்சு” என்றாள் துணை இயக்குநரின் மனைவி.

“இருந்துச்சு. ஆனா இடம் எவ்வளவு இருக்கு பாருங்க” என்றாள் சிவப்பு பால்பாயின்ட். அவள் ஒரு பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. “‘க்கவில்லை’யும் கொள்ளும்.”

மடிப்பக்கா பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டாள். பிறகு “க்கவில்லை” என்று எழுதினாள். நூலகர் மேஜையைத் தாண்டிப் போகும்போது பார்த்தார், தும்மினார், போய்விட்டார்.

அதன்பின் கதாநாயகிகளுக்கு நல்ல காலம் பிறந்தது. மழையில் நின்றவள் பத்து நிமிடத்தில் குடை கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மில் முதலாளியிடம் ஒருத்தி சம்பள உயர்வு கேட்டாள். அழுகிற இடங்களில் அழுதார்கள். அதில் மட்டும் மடிப்பக்கா கை வைக்க விடவில்லை. “அழட்டும். அவசரப்படுத்தாதீங்க. இன்னும் ரெண்டு வரி அழட்டும்” என்றாள். அழுது முடித்தபின் என்ன செய்தார்கள் என்பதைத்தான் மாற்றினார்கள். வீட்டில் வீட்டுக்காரர் சனிக்கிழமைதோறும் கேட்க ஆரம்பித்தார்: “இன்னைக்கு அவ என்ன பண்ணினா?” சொன்னதும், “பண்ணட்டும், பண்ணட்டும்” என்பார். ஒரு கதையில் லிஃப்ட் ஒன்று நடுவில் நின்றுபோகிற இடத்தில், அதைச் சரியாக எப்படி இறக்க வேண்டும் என்று அவரே மூன்று சொல் சொல்லிக் கொடுத்தார்.

முப்பத்தேழாவது நாவலின் கடைசிப் பக்கம் வந்தபோது மணி நாலரை. தொழிலதிபர் கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, என்னோடு வருகிறாயா என்று கேட்கிறார். கதாநாயகி தலை நிமிர்ந்து பதில் சொல்கிறாள். “நான் உங்களுடன்” என்பது வரை இருந்தது. மிச்சத்தைக் காணோம்.

“வரமாட்டேன்னு போடு” என்றாள் பஸ் ஓட்டுகிறவள்.

“பாவம்டி. முப்பத்தஞ்சு பேரைத் தனியா அனுப்பியாச்சு, ஒருத்தியாவது கார்ல போகட்டும்” என்றாள் புருவப் பென்சில்.

“கார் ஓட்டத் தெரியுமா அவளுக்கு?”

“அவர் நல்லவர்தான். முப்பதாம் பக்கத்துல அவளோட செருப்பை எடுத்து வைக்கிறாரே” என்றாள் துணை இயக்குநரின் மனைவி.

“ஒரு தடவை வெச்சார்.”

பேச்சு நீண்டது. நூலகர் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். எல்லாரும் மடிப்பக்காவைப் பார்த்தார்கள்.

“இவளுக்கு என்ன வயசு?” என்று கேட்டாள் மடிப்பக்கா.

“இருபத்தொண்ணு. அஞ்சாம் பக்கத்துல இருக்கு.”

“இருபத்தொண்ணுதானே? அப்புறம் என்ன அவசரம்? யோசிச்சுச் சொல்லட்டும்.” பென்சிலை மேஜையில் வைத்தாள்.

நூலகர் வேலை முடிவு அறிக்கையை நிரப்பினார். நிரப்பிய நூல்கள், முப்பத்தேழு. நிரப்பாத இடங்கள், ஒன்று. காரணம் என்ற கட்டத்துக்கு நேராக, கொஞ்சம் யோசித்து, ‘கதாநாயகி இன்னும் பதில் சொல்லவில்லை’ என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார்.

மூன்றாம் நாள் அறிக்கை துணை இயக்குநரின் குறிப்போடு திரும்பி வந்தது: ‘பார்த்தேன். அவரை யாரும் வற்புறுத்த வேண்டாம். பதில் வந்ததும் தெரிவிக்கவும்.’